இது என் மகளின் நாக்கு அல்ல

மார்ச் 4

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். இங்கே மகன், மருமகள், நான் மூவரும் சுகம். உங்கள் மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதைக் குறைத்துக்கொண்டீர்களா?

ஒரு விஷயமாக எழுதுகிறேன். பிள்ளைகளின் சாப்பாட்டுக் கடையில் ஒயின் பரிமாற அனுமதி வந்துவிட்டது. மொத்தமே பன்னிரண்டு மேஜை, குளிர்பெட்டி ஒன்றே ஒன்று. அதனால் இப்போதைக்கு வெள்ளை ஒயின் மட்டும் வைக்கிறார்கள். எதற்கு எது பொருந்தும் என்று உங்கள் மகளைக் கேட்டேன். "எங்கம்மா இருக்கும்போது நாம ஏன் மண்டையை உடைச்சுக்கணும்? அவங்களுக்கே எழுதிக் கேளுங்க" என்றாள். போனில் சொன்னால் அடுப்படிச் சத்தத்தில் பாதி காதில் விழுவதில்லை, விழுந்த பாதியும் மறந்துபோகிறது. அவளுக்கு எழுத நேரம் கிடையாது. எனக்கு மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை சும்மாதானே.

எங்களிடம் இருப்பவை: வெண்ணெயும் எலுமிச்சையும் ஊற்றிய மீன், பொரித்த இறால், காளானோடு கிரீமில் வெந்த கோழி, மிளகாய் தடவிச் சுட்ட கோழி, பச்சைக்காய் சாலட், பழக் கேக்.

எனக்கு அந்த வாடையே ஆகாது. முப்பது வருஷம் ஆஸ்பத்திரி கேண்டீனில் சமைத்தவள், உப்பும் காரமும் தவிர எனக்கு என்ன தெரியும்? உங்களை ஒயின் கம்பெனியில் "மூக்கு" என்றே கூப்பிடுவார்களாமே. என்னை இந்தத் தெருவில் இன்னும் கேண்டீன் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். உங்கள் மகள் மட்டும்தான் வாய் நிறைய "அம்மா, கொஞ்சம் உப்புப் பாருங்க" என்பாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கேண்டீன் அம்மா

மார்ச் 15

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நலம். நலமே வேண்டுகிறேன். மூட்டு அப்படியேதான் இருக்கிறது.

இருபத்திரண்டு வருஷமாகக் காலையில் முப்பது கிளாஸ் முகர்ந்து, முப்பது வாய் சுவைத்து, முப்பதையும் வாளியில் துப்புகிற வேலை என்னுடையது. பவுடர் பூசக்கூடாது, பூ வைக்கக்கூடாது, பத்து மணிக்கு முன் காபி கூடாது. அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் நம்பலாம்.

இறாலுக்கு, குமிழி விடும் வெள்ளை. புளிப்பும் குமிழியும் நாக்கிலிருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும். அடுத்த இறால் முதல் இறால் மாதிரியே இருக்கும். மீனுக்கு ஷார்டனே என்கிற வகை, ஆனால் மரப்பீப்பாயில் வைக்காதது. பீப்பாயில் கிடந்த ஷார்டனேயைக் கிரீம் கோழிக்கு வையுங்கள், கனத்துக்குக் கனம். மிளகாய்க் கோழிக்கு லேசாக இனிக்கும் ரீஸ்லிங். காரத்தின் மேல் வீரியமான ஒயினை ஊற்றினால் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆகும். கேக்குக்கு, கேக்கைவிட இனிப்பான ஒயின்தான். இல்லாவிட்டால் ஒயின் வெறும் புளித்தண்ணீர். சாலட்டுக்கு சாவிஞோன் பிளாங். வெட்டிய புல்லின் வாசம் வரும். ஆனால் நீங்கள் சாலட்டில் வினிகர் ஊற்றுவதாக மகள் சொன்னாள். வினிகர் எந்த ஒயினையும் கொன்றுவிடும். எலுமிச்சைக்கு மாறிவிடுங்கள்.

அவள் உங்களை அம்மா என்று கூப்பிடுவது எனக்குப் புதுச் செய்தி. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும் இரண்டு நிமிஷத்தில் அதெல்லாம் எங்கே சொல்ல. சந்தோஷம். உப்புப் பார்க்கக் கூப்பிடும் பழக்கம் ஏழு வயதில் என் அடுப்படியில் ஆரம்பித்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
மூக்கு

ஏப்ரல் 2

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நாங்கள் சுகம். மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பாருங்கள்.

நீங்கள் எழுதியபடியே வாங்கி வைத்தாயிற்று. எதிர் ஆபீசிலிருந்து தினமும் வரும் வக்கீல் மிளகாய்க் கோழியும் ரீஸ்லிங்கும் சாப்பிட்டுவிட்டு, "இதுக்கு இது ஜோடின்னு யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். கோழியைச் சமைத்தது யார் என்று அவர் இத்தனை மாதத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை.

மருமகள் எல்லாவற்றையும் ருசி பார்த்துவிட்டு உங்களுக்குச் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ரீஸ்லிங் வாசலிலேயே கைகொடுக்குது. பீப்பா ஷார்டனே கொஞ்சம் தாமதமா வந்து ரொம்ப நேரம் உட்காருது. சாவிஞோன் கடிக்குது, ஆனா வலிக்கலை." எனக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்குப் புரியும் என்றாள்.

வினிகரை எடுத்துவிட்டார்கள். முப்பது வருஷம் என் கையால் போட்ட சாலட். டாக்டர்களெல்லாம் கிண்ணம் கொண்டுவந்து வாங்கிப் போவார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உங்கள் கடிதத்தை அடுப்புக்கு எதிர்ச் சுவரில் பசை போட்டு ஒட்டியிருக்கிறாள். நான் குழம்பு கிளறும்போதெல்லாம் உங்கள் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டுதான் கிளறுகிறேன். இனி வரும் கடிதங்களையும் ஒட்டுவாளாம்.

இப்படிக்கு,
கேண்டீன் அம்மா

ஏப்ரல் 14

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நலம். ஒத்தடம் கொடுத்தேன், நன்றாகக் கேட்கிறது. நன்றி.

மகளின் குறிப்பைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். ஒயினை வீட்டுக்கு வரும் விருந்தாளியாக வைத்துப் பேசுவது எங்கள் இருவருக்கும் உள்ள பழைய விளையாட்டு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், நான் வேலையிலிருந்து கொண்டுவரும் காலி பாட்டில்களை முகர்ந்துவிட்டு, "இவர் கோபக்காரர், இவர் தூங்குமூஞ்சி" என்பாள். உங்களுக்குப் புரியாததில் வியப்பில்லை.

வினிகர் விஷயத்தில் வருத்தப்படாதீர்கள். டாக்டர்கள் பசியில் வந்திருப்பார்கள்.

எனக்கு நிறைய விடுப்பு மிச்சம் இருக்கிறது. மே மாதம் வந்து ஒரு மாதம் அவளோடு இருக்கலாம் என்று பார்க்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்தக் குழந்தை வயிற்றில் தங்காமல் போனபோது வந்தவள்தான். அந்தத் துக்கத்தில் அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது வந்தால் குளிர்பெட்டியை நானே அடுக்கித் தருவேன். எப்போது வசதி என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
மூக்கு

மே 20

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். அனைவரும் சுகம்.

நீங்கள் வருவதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இப்போது வேண்டாம். வீட்டில் குழாய் வேலை நடக்கிறது, தூசி. கடையிலும் ஆள் மாற்றம். மருமகள் சமையலறையை விட்டு முன்பக்கம் மேஜைகளைக் கவனிக்கிறாள். உள்ளே முழுக்க நான்தான்.

புதிதாக மூன்று பாட்டில் வாங்கினோம். ருசி பார்த்ததில், முதலாவது பச்சை ஆப்பிளைத் தோலோடு கடித்ததுபோல் பல் கூசுகிறது. இரண்டாவது, நெருப்பில் சற்று அதிகம் நின்ற வெண்ணெய். மூன்றாவது கழுவிய அரிசித் தண்ணீர், அதில் ஒன்றும் இல்லை. இவற்றை எதனோடு வைக்கலாம்? காளான் சூப்பும் ஆட்டுப்பால் சீஸும் புதிதாகச் சேர்த்திருக்கிறோம். எழுதுங்கள்.

இப்படிக்கு,
கேண்டீன் அம்மா

மே 29

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன்.

இது என் மகளின் நாக்கு அல்ல. அவள் ஒருநாளும் பல் கூசுகிறது என்று சொல்ல மாட்டாள். கடிக்கிறது என்பாள். அவளுக்கு ஒயினில் ஆட்கள் தெரிவார்கள், அரிசித் தண்ணீர் தெரியாது. இது அடுப்படியில் முப்பது வருஷம் நின்றவரின் நாக்கு. வாடையே ஆகாது என்று எழுதியவர் எப்போதிலிருந்து கிளாஸைக் கையில் எடுத்தீர்கள்?

அந்தக் கடை அவள் கனவு கண்டு தொடங்கியது. அடுப்பும் உங்களுடையது, இப்போது பாட்டிலும் உங்களுடையது. அவளை வாசலில் நிறுத்தி, வருகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்ற வைத்திருக்கிறீர்கள். நான் வந்தால் இதைப் பார்த்துவிடுவேன் என்றுதான் குழாய் வேலை.

சூப்புக்கும் சீஸுக்கும் என்ன என்று அவள் தன் கையால் எழுதிக் கேட்டால் சொல்கிறேன்.

மூக்கு

ஜூன் 10

சம்பந்தியம்மாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் யாரையும் எங்கிருந்தும் தள்ளவில்லை. மீன் வாடையும் எண்ணெய் வாடையும் அவளுக்கு இப்போது ஆகவில்லை. ஒயினை வாயிலேயே வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். யாராவது ருசி பார்த்தாக வேண்டும். மகனுக்குச் சளி பிடித்த மூக்கு. நான் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.

இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள். ஒருத்தி கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன்.

கேண்டீன் அம்மா

ஜூன் 18

சம்பந்தியம்மாவுக்கு,

புரிந்தது. டாக்டர், மீன் வாடை, சத்தியம். இதைக் கண்டுபிடிக்க மூக்கு வேண்டியதில்லை.

எத்தனை மாதம்? நான்கா? நாலு மாதமாகப் பதினைந்து ஞாயிற்றுக்கிழமை என்னோடு பேசியிருக்கிறாள். மழை பெய்கிறதா என்று கேட்டாள். மூட்டு எப்படி என்று கேட்டாள். பெற்றவள் நான். எனக்குத் தெரியாமல் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. காலையில் அவள் வாந்தி எடுக்கும்போது தலையைப் பிடித்துக்கொள்வது நீங்கள். இன்று என்ன சாப்பிட்டாள் என்று தெரிந்திருப்பது நீங்கள். நான் இங்கே உட்கார்ந்து எந்தக் கோழிக்கு எந்த ஒயின் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன், பைத்தியக்காரி மாதிரி.

வயிற்றெரிச்சல் என்று சொல்வீர்கள். ஆமாம், வயிற்றெரிச்சல்தான். இருபத்தெட்டு வருஷம் வளர்த்ததை நாலே வருஷத்தில் எப்படி உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டீர்கள் என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். போன தடவை அந்தக் குழந்தை போனதும் உங்கள் அடுப்படியில் அவள் நின்றபோதுதான்.

இனி ஒயினைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.

மூக்கு

ஆகஸ்ட் 5

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

ஏழு வாரமாக எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: தாயும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் நலம். பயப்பட ஒன்றுமில்லை.

உங்கள் கடைசிக் கடிதத்தை அவள்தான் பிரித்தாள். ஒயின் குறிப்பு என்று நினைத்து, சுவரில் ஒட்டுவதற்குப் பசைக் கிண்ணத்தோடு வந்து நின்று படித்தாள். பிறகு ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். மதியம் வந்தவர்களை எல்லாம் மகன்தான் கவனித்தான். நான் பக்கத்தில் போய், "அம்மாவுக்கு ஒரு போன் போடும்மா" என்றேன்.

"என்னன்னு பேசட்டும்?"

"ஏன் சொல்லலைன்னு சொல்லு. பெத்தவங்களுக்குக் கேக்குற உரிமை இருக்குல்ல?"

பசைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். அப்புறம் சொன்னாள்: "போன தடவை அம்மா வந்து என் கட்டில்ல உக்காந்து மூணு நாள் அழுதாங்க அத்தை. எனக்கு நிக்கவே முடியலை. ஆனா எழுந்து அவங்களுக்கு டீ போட்டுக் குடுத்தேன், தலையைத் தடவினேன், எல்லாம் சரியாயிடும்னு சொன்னேன். நான் அழவே இல்லை. அழ இடம் இல்லை. இந்தத் தடவையும் ஏதாவது ஆச்சுன்னா, அவங்களைத் தேத்துற தெம்பு எனக்குக் கிடையாது. அஞ்சு மாசம் தாண்டினதும் நானே சொல்லணும்னு இருந்தேன்."

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க. என்னால சொல்ல முடியாது" என்றாள்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டதே இல்லை. மேலே பாருங்கள், அத்தைதான். மார்ச்சில் உங்களுக்குப் பொய் எழுதினேன். நாலு வருஷமாக அவள் எதற்கெடுத்தாலும் எங்கம்மா இப்படிச் சொல்வாங்க, எங்கம்மா அப்படிச் செய்வாங்க என்பதைக் கேட்டுக் கேட்டு எழுதிய பொய். அவள் இந்த விஷயத்தை முதலில் என்னிடம் சொன்னபோது, குழந்தைக்காகச் சந்தோஷப்பட்டது பாதி. உங்களுக்குத் தெரியாது என்று சந்தோஷப்பட்டது பாதி. அந்தப் பாதிக்காகத்தான் உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

முதல் முறை ஒயினை வாயில் வைத்ததும் தொட்டியில் துப்பிவிட்டேன். "சரியாத்தான் பண்ணீங்க, எங்கம்மாவும் துப்பத்தான் செய்வாங்க" என்று சிரித்தாள். பாருங்கள், அங்கேயும் நீங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேண்டீன் அம்மா

ஆகஸ்ட் 17

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நலம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

அவள் எனக்கு டீ போட்டுக் கொடுத்தது நினைவே இல்லை. நாலு நாளாக யோசித்துப் பார்த்தேன். இஞ்சி தட்டிப் போட்டிருந்தது, சர்க்கரை அளவாக இருந்தது, இதெல்லாம் நாக்கில் இருக்கிறது. கொண்டுவந்து கொடுத்த கை யாருடையது என்று மட்டும் தெரியவில்லை. எல்லாவற்றையும் ருசி பார்த்தே பிழைத்தவள் நான்.

உங்கள் அடுப்படியைப் பற்றி எழுதிய அந்த வரிக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அது பொய் என்று எழுதும்போதே தெரியும். உங்களுக்கு வலிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன், போய்ச் சேர்ந்தது அவளிடம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அவள் வயிற்றில் பட்ட அடியை நான் என்னுடையது என்று எடுத்துக்கொண்டு அழுதிருக்கிறேன்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. அவள் உங்களிடம் சொன்ன அந்த நாலு வரியைப் படித்தபோதும், இவ்வளவு நீளமாக என்னோடு பேசியதில்லையே என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவள் கூப்பிடாமல் வர மாட்டேன். கூப்பிடச் சொல்லியும் உங்களை அனுப்ப மாட்டேன். அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், சின்னதுதான். பதில் போட வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன்.

காளான் சூப்புக்கு, வெண்ணெய் கருகியது என்றீர்களே, அந்தப் பாட்டில். ஆட்டுப்பால் சீஸுக்குப் பல் கூசுவது. அரிசித் தண்ணீரை அடுப்பில் மீன் வேகவைக்க ஊற்றிவிடுங்கள். நீங்கள் சொன்ன மூன்றும் மிகச் சரியாக இருந்தன. கடிதத்தைப் படித்தே என்ன ஒயின் என்று கண்டுபிடித்துவிட்டேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல மனம் வரவில்லை.

மூக்கு

நவம்பர் 9

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

அனைவரும் நலம். அவளுக்குக் கால் வீக்கம் இருக்கிறது, அது இயல்புதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டிசம்பர் முதல் வாரம் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். நேற்று சாப்பிடும்போது அவளாகவே, "அம்மா வரட்டும்" என்றாள். இரண்டு வார்த்தைதான். நான் திரும்பக் கேட்கவில்லை, மனம் மாறிவிடுமோ என்று. இந்த மாதம் இருபத்தைந்துக்குள் வந்துவிடுங்கள்.

நீங்கள் வரும் அன்றைக்கே நான் என் பெரிய மகன் வீட்டுக்குக் கிளம்புகிறேன். அவனும் வெகுநாளாகக் கூப்பிடுகிறான். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் அவள் யார் முகத்தைப் பார்ப்பது, யார் கொடுத்ததை முதலில் சாப்பிடுவது என்று தடுமாறுவாள். போன தடவை உங்களுக்குக் கிடைக்காத நாட்கள் இவை. கடைக்கு ஒரு சமையல்காரரை அமர்த்தியாயிற்று. மிளகாய்க் கோழிக்கு மட்டும் அளவை எழுதி வைத்திருக்கிறேன், ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே போய்ச் சும்மா இருப்பேன் என்று நினைக்காதீர்கள். வெந்துகொண்டுதான் இருப்பேன். போகும்போதே சொல்லிவிடுகிறேன்.

கேண்டீன் அம்மா

டிசம்பர் 19

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் பெரிய மகன் வீட்டில் எல்லாரும் நலமா? அங்கே குளிர் அதிகம் என்று மாப்பிள்ளை சொன்னார், கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

பேத்திக்கு இன்றோடு பதினோரு நாள். எடை கூடியிருக்கிறது. போனில் எல்லாம் சொல்லியிருக்கிறோம், ஆனால் போனில் சொல்லாத ஒன்றுக்காக இதை எழுதுகிறேன்.

வந்த நாளிலிருந்து நான் அழவில்லை. வலி வந்த அன்று அவள் அழுதாள், நான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழந்தையை முதலில் என் கையில்தான் கொடுத்தார்கள். இத்தனை மாத எரிச்சலும் அந்த நிமிஷத்தில் அடங்கிவிட்டது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் கடைக்குப் போனேன். வக்கீல் கோழியைத் தொட்டுவிட்டு, "இது பழைய கை இல்லையே, எங்க அவங்க?" என்றார். ரீஸ்லிங்கை எவ்வளவு பதமாகக் குளிர வைத்திருந்தும் பிரயோஜனமில்லை. எனக்கு மறுபடியும் சுருக்கென்றது.

அதைவிடப் பெரியது இது. போன திங்கட்கிழமை நான் குளிப்பாட்டும்போது குழந்தை வீறிட்டு அழுதாள். மூட்டுவலியில் தரையில் சரியாக உட்கார முடிவதில்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "அத்தை எப்பம்மா வருவாங்க? அவங்க கை பட்டா இவ அழமாட்டான்னு தோணுது" என்றாள். "எழுதிக் கேக்குறேன்" என்று சொன்னேன். எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை மறுபடி கேட்டாள். எழுதிவிட்டேன் என்று பொய் சொன்னேன். புதன்கிழமை, "பதில் வந்துச்சா?" என்றாள். வியாழனும் அதே கேள்வி. நாலு நாள் இதை என் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன்.

இன்று காலை குழந்தையின் தலையை முகர்ந்து பார்த்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் எந்த வாசனைக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேன். இதற்கு எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. நீங்களும் முகர்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அவள் உங்களைக் கேட்கிறாள். கிளம்பி வாருங்கள். என் விடுப்பு முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, நான் போக மாட்டேன். இரண்டு பேருமே இருப்போம். யார் கொடுத்ததை முதலில் சாப்பிடுகிறாளோ சாப்பிடட்டும்.

உங்கள் சம்பந்தி,
மூக்கு